அடியும் ஆளாவதும்

அன்புள்ள ஐயா,
எனக்கு 44 வயது. பிரஷர், சுகர், தூக்கமின்மை மூன்றும் உண்டு. சின்ன வயதில் அப்பா பெல்ட்டால் அடிப்பார். குடித்திருந்தால் அம்மாவுக்கும் விழும். இணையத்தில் சிறுவயதுக் கொடுமைகளைக் கணக்கிடும் ‘ஏஸ்’ கேள்வித்தாளை நிரப்பினேன், பத்துக்கு ஆறு வந்தது. என் ஆயுள் குறைந்துவிட்டதா? மூச்சுப்பயிற்சி செய்தால் சரியாகுமா? ஆனால் அந்த அடிதான் என்னை ஆளாக்கியது. என் பையனுக்கும் அவ்வப்போது கொடுக்கிறேன்.
(பெயர் வேண்டாம்), சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

மூச்சுப்பயிற்சி நல்லது, செய்யுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அந்த ஆறைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் வருவதை நிறுத்திவிட்டார்கள். விசாரித்தால், பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் 17,000 பேருக்கு மேல் ஆராய்ந்தார்கள். அதுதான் ஏஸ் ஆய்வு, முதல் கட்டுரை 1998இல் வந்தது. சிறுவயதுக் கொடுமைகள் கூடக் கூட, இதயநோய், குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் கூடியிருந்தன. ஓயாத பயத்தில் வளரும் பிள்ளைக்குக் கார்ட்டிசால் போன்ற, பதற்றத்தில் ஊறும் சுரப்புகள் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. அதன் விளைவு பல வருடம் கழித்து உடம்பில் தெரியலாம். ஆனால் இது கூட்டத்துக்குப் போட்ட கணக்கு, உங்கள் ஜாதகம் இல்லை. தனி ஆளை இதை வைத்து எடைபோடாதீர்கள் என்று ஆண்டாவே 2020இல் எழுதினார்.

உங்கள் கடைசி இரண்டு வரிகள்தான் என்னை எழுத வைத்தன. ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த ஊரில்தான் நானும் வளர்ந்தேன். அப்பா கை ஓங்கினால் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து குறுக்கே நிற்பார். சில அடிகள் அவர் தோளில் விழுந்திருக்கின்றன. அப்புறம் ஒன்றும் கேட்காமல் ரசஞ்சோற்றைப் பிசைந்து என் கையில் உருட்டி வைப்பார். எனக்கு வேலை கிடைத்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்பாவின் கண்டிப்பைத்தான் புகழ்ந்தார்கள். பெரியம்மா பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் வீட்டுச் சண்டையுமாக வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறினார். அவர்களுக்குப் பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, நம்பி ஒண்டிக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். உங்களுக்கும் யாரோ இருந்திருப்பார்கள். யாரென்று யோசியுங்கள். அவருக்குச் சேர வேண்டிய பெயரை ஏன் ஐயா பெல்ட்டுக்குக் கொடுக்கிறீர்கள்?

பையனை அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ‘அவ்வப்போது’ என்பது உங்கள் கணக்கு. வாசலில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் வயிறு கலங்கும். பெல்ட் அடி வாங்கிய உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போகும்போது டாக்டரிடம் இந்தப் பழைய கதையையும் சொல்லுங்கள். மனநல ஆலோசகரையும் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனாஸ், எண் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கை ஓங்கத் தோன்றினால் அப்போதும் கூப்பிடுங்கள்.

பையனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அவனைப் பற்றி எழுதுங்கள்.