54-க்கு 53: கூட்டாளியை மாற்றலாமா?

கேள்வி: நானும் என் கூட்டாளியும் இந்த ஆண்டு வெளிநாட்டில் மூன்று ஃபியூச்சர்ஸ் (சர்வதேசச் சுற்றின் தொடக்க நிலை) பீச் வாலிபால் போட்டிகளுக்குப் போனோம். மூன்றிலும் தகுதிச் சுற்றோடு திரும்பினோம். கடைசி ஆட்டம் 19-21, 21-18, 13-15. எதிரணி ஏறக்குறைய எல்லா சர்வையும் என் மேலேயே போட்டது. கூட்டாளியை மாற்று என்கிறார்கள் நண்பர்கள். போதும், வேலையைப் பார் என்கிறார் அப்பா. யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அந்தக் கடைசி ஆட்டத்தின் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு 53, அவர்களுக்கு 54. இந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கூட்டாளியையும் மாற்ற வேண்டாம், விளையாட்டையும் விட வேண்டாம். ஆனால் மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கும்.

தகுதிச் சுற்றின் கொடுமை, அது நாக் அவுட் என்பதுதான். விமானம் ஏறிப் போய், ஒரு மணி நேரம் ஆடி, மூட்டை கட்ட வேண்டும். பிரதான சுற்றில் குழு ஆட்டங்கள் இருந்தால் ஒரு தோல்வியைத் தாங்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டால்ஹவுசர்-ராஜர்ஸ் ஜோடி முதல் ஆட்டத்திலேயே லாட்வியாவிடம் தோற்றது. அதே ஜோடிதான் இறுதி ஆட்டத்தின் மூன்றாம் செட்டை 15-4 என்று முடித்துத் தங்கம் வாங்கியது. அந்த முதல் தோல்வி ஒரு தகுதிச் சுற்றில் வந்திருந்தால் அன்றே ஊர் திரும்பியிருப்பார்கள்.

இனி கூட்டாளி விஷயம். ஒரு போட்டியில் நேரடியாகப் பிரதான சுற்றா, தகுதிச் சுற்றா, காத்திருப்புப் பட்டியலா என்பதை முடிவு செய்வது, இருவரும் தனித்தனியாகச் சேர்த்த புள்ளிகளின் கூட்டல். பிரிந்தால் உங்கள் பங்கு உங்களோடு வரும். புதியவர் வெறுங்கையோடு வந்தால் இப்போது இருப்பதைவிடக் கீழே இறங்குவீர்கள். மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்க வீராங்கனை ஏப்ரல் ராஸ் 2012-ல் வெள்ளி, 2016-ல் வெண்கலம், டோக்கியோவில் தங்கம் என்று மூன்று ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது மூன்று வெவ்வேறு கூட்டாளிகளோடு. ஆனால் சீசன் நடுவில், தோற்ற எரிச்சலில், கூடாது.

எல்லா சர்வும் உங்கள் மேல் வந்ததை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருவர் ஆட்டத்தில் யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்வது வழக்கம். ரிசீவ் செய்து, ஓடி, குதித்து, அடிப்பது எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுந்தால் இரண்டாம் செட்டுக்குள் கால் கனத்துவிடும். கால் கனத்தால் ஓட்டம் தாமதம். தாமதமானால் பந்து தலைக்குப் பின்னால் போய்விடும், அடி வலையில் விழும். இதற்கு ஆகும் வழிகள் சில உண்டு. மைதானத்தின் அகலம் 8 மீட்டர், ஆளுக்கு நான்கு. கூட்டாளியை உங்கள் பக்கம் ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நடுவில் வருவது எல்லாம் அவருடையது, உங்களுக்கு மூன்று மீட்டர்தான். அவர் பக்கக் கோட்டில் இடம் திறக்கும். அங்கே எதிரணி சர்வ் போட்டால் நல்லதுதான், உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அடுத்து, சர்வை எடுத்துக் கூட்டாளிக்குத் தரும் பாஸை வலையை ஒட்டி அனுப்பாதீர்கள். ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்னாலேயே தாழ்வாக விழட்டும். வலையை ஒட்டினால் பந்து எதிரணியில் வலையருகே தடுக்க நிற்கும் பிளாக்கர் கைக்குப் போகும், செட் செய்பவரும், அதாவது நீங்கள் அடிக்கப் பந்தை உயர்த்தித் தரும் கூட்டாளியும், மாட்டிக்கொள்வார்.

செட் செய்ததும் அவர் வாயைத் திறக்க வேண்டும். எதிரில் காலியாக இருப்பது எங்கே? “நேரா”, “குறுக்க” என்று ஒரே சொல். வெளிநாட்டு அணிக்குத் தமிழ் புரியாது. இந்த வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

காற்றையும் பாருங்கள். 13-15 என்றால் மொத்தம் 28 புள்ளி. மூன்றாம் செட்டில் ஐந்து புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும் என்பதால் 25-ல் மாறியிருப்பீர்கள். கடைசி மூன்று புள்ளிகளும் ஒரே பக்கத்திலிருந்து ஆடியவை. அப்போது காற்று உங்கள் முதுகில் அடித்ததா, முகத்திலா? முதுகில் என்றால் அது கெட்ட பக்கம்: ஓங்கி அடித்த சர்வ் கோட்டைத் தாண்டும், உயர்த்திய செட் வலையைத் தாண்டும். அந்தப் பக்கத்தில் சர்வைத் தாழ்வாகவும் குட்டையாகவும் போடுங்கள், செட்டையும் தாழ்த்துங்கள். முகத்தில் அடித்தால் தைரியமாக ஓங்கலாம், காற்றே பந்தை உள்ளே இறக்கிவிடும்.

இன்னொரு சந்தேகம். அலை வந்து போகும் ஈர மணலிலா பயிற்சி? அது கெட்டி, தரை மாதிரி. போட்டி மைதானத்தில் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உலர்ந்த, பொலபொலத்த மணல். கடைசி அடி புதையும், குதிப்பு குறையும், தரையில் பழகிய நேரக்கணக்கு எல்லாம் தப்பும். வாரத்தில் மூன்று நாளாவது மேட்டு மணலைக் கிளறிவிட்டு அதில் குதியுங்கள். கடைசி இரண்டு அடியைச் சுருக்கி, பாதம் முழுவதும் பதிய வைத்து எழும்புங்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீராக வேண்டாம், உப்பும் சேரட்டும்.

அப்பா கேட்பது பணக் கணக்கு, அதில் தப்பில்லை. தகுதிச் சுற்றில் தோற்றால் பெரும்பாலும் கையில் ஒன்றும் வராது. ஒரு விமானச் செலவில் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு போட்டி ஆட முடிகிற பக்கமாகப் பாருங்கள். ஆசியப் போட்டிகளிலிருந்து தொடங்கலாம். பெயர் கொடுப்பது தேசிய சம்மேளனம் வழியாகத்தான், பல வாரம் முன்பே. கடைசி நேரத்தில் விலகினால் அபராதம் வரலாம்.

அதற்கு முன் உள்ளூரில் பத்து ஆட்டத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் மேல் வந்த சர்வ் எத்தனை, அதில் புள்ளியானது எத்தனை; அதே கணக்கு கூட்டாளிக்கும். பத்துக்கு ஆறு என்றால் தாக்குப் பிடிக்கலாம். ஐந்துக்குக் கீழே என்றால் அடுத்த பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அப்பாவிடம் பேசப் போகும்போது அந்த நோட்டையும் செலவுச் சீட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போங்கள்.