உபுண்டுவில் அப்டேட் போட்டாலே ஏதாவது உடைகிறது. இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?

உங்களிடம் இருப்பது ஒரே மெஷின், அதில்தான் பிழைப்பும் நடக்கிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இவ்வளவு எரிச்சலோடு கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் கணினி படித்தவன் இல்லை, பி.காம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிறேன். நான்கு மெஷின், நான்கிலும் விண்டோஸுக்குப் பதில் இலவச உபுண்டு 22.04. லைசென்ஸ் காசு மிச்சம் என்று வந்தவன், கொள்கைக்காக வரவில்லை. கேரளப் பள்ளிகளில் கைட் (பள்ளிக் கணினி வேலையைப் பார்க்கும் அரசு நிறுவனம்) கொடுக்கும் சிஸ்டமே உபுண்டுவிலிருந்து செய்ததுதான், அதனால் கடைப் பையனுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போன ஆடியில் நடந்தது இது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதத்தில் எங்கள் பக்கம் பனைமட்டை கம்பியில் விழுவதும் கரண்ட் போவதும் சாதாரணம். அது தெரிந்தும், திரையில் வந்து வந்து நின்ற அப்டேட் செய்தியைத் தாங்க முடியாமல் காலை 11 மணிக்கு, கடையில் கூட்டம் இருக்கும்போது, பட்டனை அமுக்கினேன். புது கெர்னல் (சிஸ்டத்தின் அடிமையப் பகுதி) ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இன்வர்ட்டர் பாட்டரி அதற்கு முன்பே செத்திருந்தது. மாற்றாதது என் தப்புதான், அதைச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

கரண்ட் வந்தபின் மெஷினைப் போட்டால் கெர்னல் பேனிக், அதாவது எழாமலேயே நின்றுவிட்டது. கெர்னல் எழும்போது டிஸ்க்கைப் பிடித்துக்கொடுக்க இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு கோப்பு வேண்டும். அது முழுசாக எழுதப்படவில்லை. அந்த மெஷினில்தான் ஒரு பாட்டியின் வருமானச் சான்று விண்ணப்பம் பாதியில் நின்றது. "ஏனுங் தம்பி, ஆகுமுங்களா? பஸ் போயிருமுங்க" என்று நாலு தரம் கேட்டார்.

அவர் வந்தது அது மூன்றாவது தடவை. இன்ஷியலை விரித்து எழுதவில்லை என்று ஒருமுறை திருப்பினார்கள். விரித்து எழுதினால் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று அடுத்த முறை திருப்பினார்கள். அப்பா பேரின் முதலெழுத்தை வைத்து வாழ்கிற ஜனங்களிடம் குடும்பப் பெயர் கேட்டால் எங்கே போவது? தமிழ், கன்னடம் பேசுகிறவர்கள் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. எழுதிப் பாருங்கள், கவுண்டரில் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

மெஷினைக் காப்பாற்றியது பழைய கெர்னல். பூட் ஆகும்போது எஸ்கேப்பை (பழைய மெஷினில் ஷிஃப்டை) அமுக்கினால் எதை எழுப்புவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். எழுந்தபின் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' கொடுத்தேன், அப்புறம் 'சூடோ ஏப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் ஆனது, பாட்டியின் பஸ் எப்போதோ போய்விட்டது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: எந்த பேக்கேஜ் எந்த நிலையில் நின்றது என்று, பேக்கேஜ்களை ஏற்றும் கருவியான டிபிகேஜி குறித்துவைக்கிறது, அதனால்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. என் குறை வேறு. ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தின் கோப்புகளையே அது மாற்றுகிறது. நடுவில் கரண்ட் போனால் பாதி பழசு, பாதி புதுசு. ஃபெடோரா சில்வர்புளூ என்ற இன்னொரு லினக்ஸில் புது சிஸ்டத்தைத் தனியாகத் தயார்செய்து வைத்து, ரீபூட்டில்தான் அதற்கு மாறுகிறார்கள். பிடிக்கவில்லையா, பூட் மெனுவில் பழையதற்கே திரும்பலாம். ஓப்பன்சூசே லினக்ஸில் டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் இருந்தால் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்நாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) விழுகிறது. உபுண்டுவில் இது போட்ட உடனே கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. 'அப்படியானால் அதையே போட வேண்டியதுதானே' என்பவர்கள் என் பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும் டிரைவர் போட்டுக்கொடுத்துவிட்டுப் பேசவும். 'யுபிஎஸ் வாங்கு' என்பவர்களுக்கு: வாங்கிவிட்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். இறக்குவதையும் ஏற்றுவதையும் பிரித்துவிட்டேன். 'ஏப்ட் அப்டேட்' பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ராத்திரி அதைக் கொடுத்து, பிறகு 'ஏப்ட் அப்கிரேட் --டவுன்லோடு-ஒன்லி'. ஞாயிறு காலை, கடை திறக்குமுன், ஏற்றுவது. ஒரு மெஷினில் ஏப்ட்-கேச்சர்-என்ஜி போட்டிருக்கிறேன். அது ஒருமுறை இறக்கியதை மற்ற மூன்றும் அதனிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றன, நெட் டேட்டா நிறைய மிச்சம். கெர்னல்கள் இருக்கும் பூட் பகுதியை டிஸ்க்கில் தனிப் பார்ட்டிஷனாக வைத்திருந்தால் 'ஏப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்துப் பழைய கெர்னல்களை அவ்வப்போது கழியுங்கள். இடம் நிறைந்தாலும் இதே இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நிற்கும். கடையில் யாரோ சொன்னார்கள் என்று சேர்த்த பிபிஏக்களையும் (உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே உள்ள தனியார் பேக்கேஜ் களஞ்சியங்கள்) எடுத்துவிட்டேன்.

'லாக் கிடைக்கவில்லை' (இரண்டு அப்டேட் ஒரே சமயம் ஓடாமல் தடுக்கும் பூட்டு) என்று வந்தால் அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் பதில்களை நம்பாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அழித்தவன்தான். பெரும்பாலும் பின்னால் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், முடிந்திருக்கும்.