டிஜிட்டல் யுகத்தில் மார்க்கெட்டிங்கும் புதுமையும் எப்படி மாறி வருகின்றன?

மார்க்கெட்டிங், புதுமை என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் மாற்றமே அங்கேதான் இருக்கிறது, இரண்டும் இப்போது ஒரே வேலையாகிவிட்டன. முன்பெல்லாம் ஃபேக்டரியில் ஒரு கூட்டம் சரக்கைத் தயாரிக்கும், விளம்பர ஏஜென்சியில் இன்னொரு கூட்டம் அதற்குப் பாட்டெழுதும், வாங்கியவர் என்ன நினைத்தார் என்பது கடைக்காரர், டீலர், சேல்ஸ் மேனேஜர் என்று மூன்று வாய் மாறி அரைகுறையாக வந்து சேரும். இப்போது வாங்குபவரின் திட்டு முதலில் வருகிறது, சரக்கு அப்புறம். அந்தத் திட்டு எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அதை உங்கள் போட்டியாளரும் படிக்கலாம்.

இதற்கு நம்மூரிலேயே நல்ல உதாரணம், சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-ல் ஜென்டெஸ்க் என்ற அமெரிக்க நிறுவனம் தன் வாடிக்கையாளர் சேவை மென்பொருளுக்கு விலையை ஏற்றியது. வாங்கியவர்கள் கொதித்துப்போய் தொழில்நுட்பக்காரர்கள் கூடி விவாதிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் புலம்பித் தீர்த்தார்கள். அங்கே ஒருவர், சரியான விலைக்கு ஒழுங்காக ஒன்றைச் செய்து கொடுக்க ஆளிருந்தால் இது பெரிய வாய்ப்பு என்கிற மாதிரி எழுதியிருந்தார். அது அப்போது ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிரிஷ் மாத்ருபூதம் கண்ணில் பட்டது. அதற்கு முன்பே அவருக்கு ஓர் அனுபவம் உண்டு. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றும்போது டிவி உடைந்துபோய், இன்சூரன்ஸ் பணத்துக்கு மாதக்கணக்கில் மெயில் அனுப்பியும் போன் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பொதுத் தளத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்ததும் நிறுவனத் தலைவரே மன்னிப்புக் கேட்டுப் பணத்தை அனுப்பினாராம். ஆக, வாடிக்கையாளர் கையில் மைக் வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும், அந்த மைக்குக்குப் பதில் சொல்ல நிறுவனங்களுக்கு மலிவான கருவி இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார், ஃப்ரெஷ்வொர்க்ஸின் பழைய பெயர் அதுதான். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சேல்ஸ் ஆளைக்கூட விமானத்தில் ஏற்றாமல்!

பிறகு ஜென்டெஸ்க் தரப்பிலிருந்து ட்விட்டரில் இவர்களைக் காப்பியடித்தவர்கள் என்று சீண்டினார்கள். பழைய காலமாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் போயிருக்கும், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ‘காப்பியா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்’ என்கிற தோரணையில் ஒரு தனி இணையப் பக்கத்தையே திறந்து பதில் போட்டார்கள். அதுவரை பெயரே கேள்விப்படாதவர்களும் யார் இந்த ஃப்ரெஷ்டெஸ்க் என்று தேட ஆரம்பித்தார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அது. 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான கதை எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் இன்டர்நெட் வந்த பிறகு முளைத்த புத்தி என்று நினைத்துவிடாதீர்கள். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பு மாதிரியான பொருட்களைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று இறங்கினாரே, அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பு ஆரம்பித்தார். எந்தக் கம்பெனி காலி ஷாம்பு பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். ஓரளவு சூடு பிடித்ததும், இனிமேல் சிக்கின் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றிவிட்டார். எவ்வளவு அழகான வேலை பாருங்கள். எந்தக் கடைப் பக்கம் யாருடைய ஷாம்பு ஓடுகிறது என்று காலி பாக்கெட்டை எண்ணினாலே தெரிந்துவிடும், இன்றைக்கு டேட்டா டேட்டா என்று சொல்கிறார்களே அதேதான், என்ன, கொஞ்சம் நுரையோடு வந்திருக்கும். பாக்கெட் என்கிற புதுமையையும் அதை விற்கிற உத்தியையும் அங்கே யாராலும் பிரிக்க முடியாது.

அப்படியானால் புதிதாக என்னதான் மாறியது? செலவும் வேகமும். அன்றைக்கு ஊர் ஊராக ஆள் போக வேண்டியிருந்தது, இன்றைக்கு காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டும் என் நண்பர் இரவு கடையடைத்துவிட்டு, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போனிலேயே பார்க்கிறார். ஆன்லைனில் விற்கத் தொடங்கிய புதிதில் அவருக்கு ஒற்றை ஸ்டாராக வந்து விழுந்தது. காரணம், பாட்டில் அடியில் மண்டி. செக்கு எண்ணெய் என்றால் கொஞ்சம் மண்டி தங்கத்தான் செய்யும், ஊரில் வாங்குகிறவர்களுக்கு அது தெரியும், பெங்களூரில் அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்குத் தெரியாது, கலப்படம் என்று திருப்பி அனுப்பிவிடுவார். நண்பர் இரண்டு காரியம் செய்தார். எண்ணெயை அகலப் பாத்திரத்தில் ஊற்றி வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைத்துத் தெளிய விடுவதை அப்படியே போனில் படம் பிடித்துப் போட்டார், பின்னணி இசைகூட இல்லை, காக்கா கத்துவதுதான் கேட்கும். அடுத்து, தெளிய விடும் நாட்களையும் கூட்டினார். முதலாவது மார்க்கெட்டிங், இரண்டாவது தயாரிப்பில் மாற்றம், இரண்டுமே அந்த ஒற்றை ஸ்டாரிலிருந்து வந்தவை. திருப்பி அனுப்புவது கணிசமாகக் குறைந்தது என்கிறார்.

சரி, இதோடு நிறுத்தினால் ஏதோ சின்ன வியாபாரிக்குப் பொற்காலம் பிறந்த மாதிரி ஆகிவிடும், அது பொய். புகார் பொதுவில் இருக்கிறது, ஆனால் விற்பனைக் கணக்கு பொதுவில் இல்லை. எது எவ்வளவு ஓடுகிறது, எந்த வார்த்தையைத் தேடி வந்து வாங்குகிறார்கள், எந்த விலையில் பின்வாங்குகிறார்கள் என்பது விற்பனைத் தளத்துக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும், அந்தத் தளமே சொந்தச் சரக்கும் விற்கும். 2021 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வில், அமேசானின் இந்தியப் பிரிவு நன்றாக ஓடும் பொருட்களைப் பார்த்துச் சொந்த பிராண்டில் அதே மாதிரி செய்து, தேடலிலும் முன்னால் வரவைத்தது என்று உள் ஆவணங்களைக் காட்டி எழுதினார்கள். அமேசான் மறுத்தது. யார் சொல்வது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கடைக்காரரே கல்லாவையும் கணக்கையும் வைத்துக்கொண்டு உங்களுக்குப் போட்டியாகவும் நிற்கிற அமைப்பு இது என்பதில் சந்தேகமில்லை.

விளம்பரமும் அப்படித்தான். ஃபேஸ்புக்கில் யார் வாங்குவார் என்று குறி பார்த்துச் சின்னத் தொகையில் விளம்பரம் போட்டு வளர்ந்த கடைகள் எத்தனையோ. 2021 ஏப்ரலில் ஆப்பிள், பயனரின் அனுமதி இல்லாமல் ஆப்கள் அவர் வேறு ஆப்களிலும் தளங்களிலும் என்ன செய்கிறார் என்று பின்தொடரக் கூடாது என்று ஐபோனில் கொண்டுவந்ததும் அந்தக் குறி பிசகியது. பயனருக்கு நல்ல விஷயம்தான், நானும் அனுமதி கொடுப்பதில்லை. ஆனால் அடுத்தவர் நிலத்தில் கட்டிய கடைக்கு இதுதான் கதி.

நீங்கள் தொழில் தொடங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், கோர்ஸ் எதற்கும் பணம் கட்டாதீர்கள். உங்கள் துறையில் முன்னணியில் இருக்கும் பொருளின் ஒற்றை ஸ்டார், இரண்டு ஸ்டார் விமர்சனங்களை உட்கார்ந்து படியுங்கள், ஐந்து ஸ்டாரை விட்டுவிடுங்கள், அதில் பாதி அக்கா மச்சான் எழுதியது. அப்புறம் வாங்கியவரின் தொடர்பு உங்கள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தளங்கள் இதை விரும்பாது, பார்சலுக்குள் உங்கள் எண்ணை எழுதித் துண்டுச்சீட்டு வைத்தால் பிரச்சினை வரும். காங்கேயத்து நண்பர் அதற்கும் வழி வைத்திருக்கிறார். பொட்டலப் பொருளின் லேபிளில் நுகர்வோர் தொடர்பு எண் இருக்க வேண்டும் என்பது சட்டம், எனவே அந்த இடத்தில் தன் வாட்ஸ்அப் எண்ணையே போட்டிருக்கிறார், எண்ணெயின் பெயர் அளவுக்குப் பெரிய எழுத்தில்.