குடிமையியலில் மதிப்பெண் இருக்கிறது, ஈடுபாடு எங்கே?

கேள்வி: உயர்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சட்டமன்றம், உள்ளாட்சி, அடிப்படை உரிமைகள் என எதைக் கேட்டாலும் மாணவர்கள் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இல்லை. வகுப்பில் அரசியல் பேசினால் பெற்றோர் ஆட்சேபிப்பார்களோ என்ற தயக்கமும் எனக்கு உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: தாம் சொன்ன ஒன்றால் ஏதேனும் மாறியதை ஒருமுறைகூடக் கண்டிராத பிள்ளைகளிடம் ஆர்வத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று, ஆகவே உங்கள் கற்பித்தலைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளிப்பதோடு, அவர்களுடைய வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பை அக்கருத்துக்குத் தர வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தப் பிற்பாதியைத்தான் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. மாணவர் மன்றத்துக்குத் தேர்தல் நடக்கிறது, வாக்குகள் எண்ணப்படுகின்றன, பதவியேற்பும் நடக்கிறது. அதன்பின் அந்த மன்றம் முடிவெடுப்பதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. குழந்தைகள் உரிமை ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். பிள்ளைகளை அலங்காரத்துக்கும் பெயரளவுக்கும் முன்னிறுத்தும் கீழ் 3 படிகளை அவர் பங்கேற்பாகவே கொள்ளவில்லை. கடுமையான தீர்ப்புதான், ஆயினும் சரியானது என்றே கருதுகிறேன். அதிகாரமற்ற மன்றத்தில் ஓராண்டு உட்கார்ந்து எழுந்த பிள்ளை, எல்லா மன்றங்களும் இப்படித்தான் என்று மனத்தில் பதித்துக்கொண்டு வெளியேறுகிறது.

எனவே, சிறியதாயினும் மெய்யான ஒரு முடிவை அவர்களிடம் விடுங்கள். நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் தொகையில் ஒரு பகுதி போதும். எதை வாங்குவது என்று விவாதித்து, வாக்களித்து, தோற்ற தரப்பின் வருத்தத்தையும் கேட்டு, கணக்கை எல்லோர் முன்னும் வைக்கட்டும். அவர்கள் தேர்வு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றாதீர்கள்.

அரசியல் குறித்த தயக்கத்துக்கு, 1976-இல் ஜெர்மனியின் பாய்டெல்ஸ்பாக்கில் கல்வியாளர்கள் வகுத்த நெறி துணை நிற்கும்: மாணவர்மீது ஆசிரியர் தம் கருத்தைத் திணிக்கக் கூடாது, சமூகத்தில் சர்ச்சைக்குரியதாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே முன்வைக்கப்பட வேண்டும். இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அந்தத் தெருவிளக்கையே முதல் பயிற்சியாக்குங்கள். பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்பதை அவர்களே விசாரித்து, மனு எழுதி, கொடுத்த நாளைக் குறித்துவைத்து, பதில் வராவிட்டால் மீண்டும் எழுதட்டும். மறுக்கப்பட்டால் காரணம் கேட்டு எழுதட்டும்.