எல்வா ஆற்றின் மீன்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் எல்வா ஆற்றில் அணைகளை அகற்றியது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒன்று விளங்கவில்லை. நூறு ஆண்டு வழி அடைபட்டுக் கிடந்தது. மேல் ஆற்றுக்குப் போய்வந்த மீன்களின் வம்சமே அற்றுப்போயிருக்குமே? அணை போனதும் வந்தது எந்த மீன்? அதற்கு வழி சொன்னது யார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வம்சம் முழுதும் அறவில்லை. 1913இல் எழுந்த கீழ் அணை கடலிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் நின்றது. மீன் ஏற அதில் வழி விடவில்லை. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி விட்டிருக்க வேண்டும். கடலில் வளர்ந்து முட்டையிட ஆறேறும் மீன் சால்மன். ஒருகாலத்தில் ஆண்டுக்கு 4 லட்சம் சால்மன் ஏறியதாகக் கணக்கிடப்படும் ஆற்றில், சில ஆயிரம் மட்டும் அந்த 8 கிலோமீட்டருக்குள் முட்டையிட்டுக் காலம் தள்ளின. 2012இல் கீழ் அணையும் 2014இல் மேல் அணையும் போனபின் ஏறியவற்றில் இவற்றின் வாரிசுகள் உண்டு, குஞ்சுப் பண்ணையில் பிறந்தவையும் உண்டு. சால்மன் தான் பொரிந்த ஓடையை மணம் பிடித்துத் திரும்பும். சில மட்டும் வழிமாறிப் புது ஓடைக்குள் நுழையும். வெறுமையாகிவிட்ட ஓடைக்கு அந்தச் சிலதான் கதி.

ஆனால் என்னை உலுக்கியது டிரவுட். நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கிறார்களே, அதே வானவில் டிரவுட். அந்த இனத்தில் ஆற்றிலேயே தங்கிவிடுவதும் உண்டு, கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்புவதும் உண்டு. போய்த் திரும்புவதை ஸ்டீல்ஹெட் என்பார்கள். அணைக்கு மேலே மாட்டிக்கொண்டவை, விலாவில் செம்பட்டையும் கரும்புள்ளிகளுமாக, தலைமுறை தலைமுறையாக ஆற்றுமீனாகவே வாழ்ந்தன. வழி திறந்ததும் அவற்றின் குஞ்சுகளில் சில பட்டை மங்கி, உடம்பெல்லாம் வெள்ளியாகி, கடலுக்கு இறங்கின. கோடையிலேயே ஆற்றுக்குள் வந்து, முட்டையிடும் காலம்வரை மாதக்கணக்கில் மடுக்களில் காத்துக்கிடக்கும் ஸ்டீல்ஹெட் வகை ஒன்று உண்டு. எல்வாவில் அது ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. அதுதான் திரும்பி வந்தது! அப்படி முந்திவரும் இயல்புக்குரிய மரபணு வடிவம், மேலே அடைபட்ட டிரவுட்களிடம் அழியாமல் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வழி சொன்னது யார் என்றீர்களே, அவற்றின் ரத்தம்தான்.

இதை வைத்து ஆறு மீண்டுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சினூக் சால்மன் இன்னமும் பெருமளவு பண்ணைக் குஞ்சுகளை நம்பித்தான் இருக்கிறது. அணைகளை எடுக்கச் சொல்லிப் பல்லாண்டு போராடிய லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர், வேலை தொடங்கிய 2011இலிருந்து மீன்பிடிப்பை நிறுத்திவைத்தார்கள். 2023இல்தான் மறுபடி ஆற்றில் இறங்கினார்கள். பிடித்தது கோஹோ சால்மன், அதுவும் தங்கள் சடங்குக்கும் உணவுக்கும் மட்டும்.