புண் ஆறியது, வலி ஆறவில்லையே!

கே: வயது 62. அக்கி வந்து ஐந்து மாதமாகிறது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஆனால் விலாவில் சட்டை உரசினாலே எரிகிறது. இபுபுரூஃபன் கேட்கவில்லை. காயமே இல்லாத இடத்தில் வலி எப்படி?

ப: காயம் இருக்கிறது, தோலில் அல்ல, நரம்பில். அக்கி வைரஸ் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் பல ஆண்டுகள் பதுங்கிக் கிடக்கும். கிளம்பும்போது அந்த முடிச்சையும் அதன் இழைகளையும் சிதைத்துவிடும். சிதைந்த இழையில் சோடியம் வாயில்கள் (மின் சமிக்ஞையைக் கிளப்பும் நுண்துளைகள்) கண்ட இடத்தில் குவிவதால், யாரும் தொடாமலே அது தானாகச் சமிக்ஞை அனுப்பும். திடீர் திடீரென்று வரும் குத்தல் அதனால்தான்.

சட்டை உரசலின் கதை வேறு; அது தண்டுவடத்துக்குள் நடக்கிறது. ஓயாமல் சமிக்ஞை வந்தால், அதை வாங்கும் நரம்பணுவின் (நரம்பு செல்லின்) மேல் குளூட்டமேட் என்ற தூண்டும் ரசாயனம் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ரசாயனத்தை வாங்கும் கதவுகளில் ஒன்றான என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைத்திருந்த மக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே புகும். பிறகு சின்னத் தூண்டலுக்கும் அந்த அணு எகிறும். காபா என்ற ரசாயனத்தால் வலியை அடக்கும் நரம்பணுக்களும் வலுவிழப்பதால், தொடுவுணர்வைக் கொண்டுவரும் தடித்த இழைகளின் செய்தி வலிப் பாதைக்குள் கசிகிறது. தண்டுவடமே இப்படி மாறிப்போவதை 1983-ல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப் எலிகளில் காட்டினார். ஆகவே 'எல்லாம் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இபுபுரூஃபன் அழற்சியில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வலி கூட்டும் ரசாயனத்தைக் குறைக்கும். இங்கே வலியை ஓட்டுவது அது இல்லை.

கே: நரம்பு வலிக்கு வலிப்பு மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டுமே இல்லையே! ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

ப: சீட்டு சரி, அவசரம்தான் தப்பு. வலிப்பு மாத்திரையான கபாபென்டின் நரம்பு முனையின் கால்சியம் வாயிலில் ஒட்டி, குளூட்டமேட் வெளியேறுவதைக் குறைக்கும். வழக்கமாக 300 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பலருக்கு நாளொன்றுக்கு 1,800 மி.கி. வரை போனால்தான் பலன் தெரியும். 300-லேயே நின்றுகொண்டு 'கேட்கவில்லை' என்பவர்களும் உண்டு. சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும். மது, ஓபியாய்டு மருந்துகளோடு (மார்ஃபின் போன்றவை) சேர்ந்தால் மூச்சே மட்டுப்படலாம்.

மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி.யில் தொடங்கும். மூளையிலிருந்து இறங்கிவரும் வலித் தடுப்புப் பாதைக்கு நோர்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனம் வேண்டும். அதைத் தக்கவைப்பதே இதன் வேலை. இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் நாலிலிருந்து ஆறு வாரம் கொடுங்கள். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான்.

கே: பாதம் எரிகிறது. நரம்புக் கடத்தல் சோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ப: அந்தச் சோதனை தடித்த இழைகளை மட்டுமே பார்க்கும். எரிச்சலைக் கொண்டுவருபவை மெல்லிய இழைகள். கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மி.மீ. தோல் எடுத்து அவற்றை எண்ணலாம். அதற்கு முன் சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.