படுக்கையில் இருக்கும் தாயைப் பராமரிப்பவருக்கு நிதியுதவி கிடைக்குமா?

வேலையை விட்டுவிட்டுக் கொழும்பு வெள்ளவத்தையில் 74 வயதுத் தாயைப் பராமரிக்கும் தங்களுக்கு அரச உதவி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அரசின் கொடுப்பனவுகள் பராமரிப்பவருக்காக அன்றி, பராமரிக்கப்படுபவரின் வயதையும் நிலையையும் வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன, ஆகவே விண்ணப்பம் அம்மாவின் பெயரிலேயே அமைய வேண்டும். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும என்னும் இலங்கை அரசின் நலன்புரித் திட்டத்தில், குறைந்த வருமானமுள்ள முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்குத் தனித்தனிக் கொடுப்பனவுகள் உண்டு. கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து, அவர் வழியாகத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தை அணுகுங்கள். மருத்துவ அறிக்கைகளின் பிரதிகளையும் கொண்டு செல்லுங்கள். சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்திற்கும் விண்ணப்பிக்கலாம்.

பலர் அறியாத வழி இன்னொன்று இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கடமை விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி, அச்சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபையில் விண்ணப்பிக்கவும் அது இடமளிக்கிறது. உடன்பிறந்தோரிடம் பணம் கேட்பது மனதுக்குக் கடினமானதுதான். ஆயினும் முழுச் சுமையையும் தாங்கள் ஒருவரே சுமப்பது நியாயமன்று. மாதாந்த மருந்துச் செலவையும் தாங்கள் இழந்த சம்பளத்தையும் எழுதி வைத்து, முதலில் குடும்பத்துக்குள்ளேயே பேசிப் பாருங்கள்.